கிளம்பும்போது பேசக் கூடாத பேச்சு

ஃப்ரீமான்ட்டில் ஒரு வீட்டு கராஜில் நாலு ஜோடி பனிச்சறுக்கு ஸ்கீக்களைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். ஊதுபத்தி ஏற்றினார்கள், கற்பூரம் காட்டினார்கள். காரின் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். எல்லாம் முறையாக, பக்தியோடு, ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஸ்கீக்களுக்குப் பக்கத்தில் தரையில் நாலு அட்டைப்பெட்டிகள் இருந்தன. பனிச்சரிவில் புதைந்துபோன ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிற கருவிகள் அவற்றுக்குள் இருந்தன. அந்தப் பெட்டிகளுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார்கள். ஆனால் ஒருவர்கூடப் பெட்டியைத் திறக்கவில்லை.

எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. நானும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் கோபம் அந்தப் பெட்டிகளைப் பற்றியது.

"பிரிச்சு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துடலாமே" என்றேன்.

"டேக் எல்லாம் கிழிக்காதம்மா" என்றார் அண்ணா. "யூஸ் ஆகலைன்னா அப்படியே ரிட்டர்ன் பண்ணிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

அண்ணா என் உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் கூட்டத்தில் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அவர்தான் அண்ணா, அவர் மனைவிதான் அண்ணி. பே ஏரியாவுக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர். எங்களுக்கு அபார்ட்மென்ட் பார்த்துக் கொடுத்தவர், என் கணவருக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். என் மகள் பிறந்த அன்று என் கணவர் வேலை விஷயமாக நியூ ஜெர்சியில் மாட்டிக்கொண்டிருந்தார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அண்ணாதான். அவர் நல்லவர். அதை நான் எந்தக் கோபத்திலும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நல்லதனத்துக்கு நாங்கள் கொடுத்த விலை, அவர் எது சொன்னாலும் தலையாட்டுவது. எந்தக் கார் வாங்குவது, பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது, கிரீன் கார்டுக்கு எந்த வக்கீலைப் பார்ப்பது, எல்லாம் அவர் வாக்கு. பழகிவிட்டது. பனிமலையிலும் அதே பழக்கம்தான் வந்து நின்றது.

இந்த வம்பு, சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடுகிற லிஃப்டின் வரிசையில் தொடங்கியது. குளிர்காலத்து நீண்ட விடுமுறைகளில் பே ஏரியா முழுவதும் காரைக் கிளப்பிக்கொண்டு தாஹோ பனிமலைக்குப் போகும். நாங்களும் போவோம். வழியெல்லாம் டிராஃபிக், அங்கே போனால் பார்க்கிங் இல்லை, பார்க்கிங் கிடைத்தால் லிஃப்டுக்கு முன்னால் திருப்பதி வரிசை. "க்யூல நிக்கறதுக்கா இவ்ளோ தூரம் ட்ரைவ் பண்ணி வந்தோம்?" என்று அண்ணா ஒருநாள் அலுத்துக்கொண்டார். அடுத்த வாரமே வீடியோக்கள் அனுப்ப ஆரம்பித்தார். ஆளே இல்லாத வெள்ளை மலை, யாரும் மிதிக்காத பனி, அதில் இரண்டு பேர் கோலம் போடுகிற மாதிரி வளைந்து வளைந்து இறங்குகிறார்கள். பேக்கன்ட்ரி ஸ்கீயிங் என்று அதற்குப் பெயர். வரிசை இல்லை, டிக்கெட் இல்லை. அண்ணாவுக்கு அது போதும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரிசார்ட்டில் சறுக்குவது, காவலுக்கு ஆள் வைத்த நீச்சல்குளத்தில் நீந்துவது மாதிரி. நாம் காப்பி குடிப்பதற்குள் அங்கே வேலை செய்பவர்கள் மேலே போய், ஆபத்தான சரிவுகளில் வெடி வைத்துப் பனியை உதிர்த்துவிட்டு வந்திருப்பார்கள். விழுந்தால் தூக்கிப்போக ஆள் வரும். பேக்கன்ட்ரி என்பது இந்த வேலிக்கு வெளியே உள்ள மலை. அங்கே லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் முன்பக்கம் வழுக்கி, பின்பக்கம் போகாமல் பிடிக்கிற பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தே ஏற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்துப் பையில் போட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அங்கே யாரும் வெடி வைத்திருக்க மாட்டார்கள். பனி இறுகி நிற்கிறதா, உன் எடைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறதா என்பதை நீதான் பார்க்க வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் போய்ப் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஸ்கீ கற்றவள் நான். நாலு வயதுக் குழந்தைகள் என் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து போக, விழுந்து புரண்டு கற்றேன். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. அதனால் அண்ணாவின் வீடியோ வந்ததும் மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், நான் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன். கணவரையும் வரச் சொன்னேன். "நீ கத்துக்கிட்டு வந்து எனக்கு சம்மரி சொல்லிடு" என்றார். பெரிய மீட்டிங்குக்கு ஆள் அனுப்புகிற நினைப்பு.

வகுப்பில் கண்டது இதுதான். பனி ஒரே குவியல் இல்லை, அடுக்கு அடுக்காக விழுந்தது. அடியில் ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி உதிரியாக இருந்தால், மேலே உள்ள மொத்தமும் ஒரு தட்டாக உடைந்து வழுக்கி வரும். புதுப் பனி விழுந்த மறுநாள்தான் மலை அழகாக இருக்கும், அன்றைக்குத்தான் மோசமாகவும் இருக்கும். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிக் கொண்டுபோய் மறுபக்கத்தில் கொட்டி வைக்கும். ஓரளவு செங்குத்தான சரிவுகள்தான் உடையும். அப்படிப்பட்ட சரிவில்தான் சறுக்க ஆசையாகவும் இருக்கும். ஒவ்வொரு நாள் காலையும் அந்த மலைக்கான அபாய அறிக்கை வெளியாகும், அதைப் படிக்காமல் கிளம்பக் கூடாது.

ஆளுக்கு மூன்று பொருள் வேண்டும். சட்டைக்குள் உடம்போடு கட்டிக்கொள்கிற பீக்கன். அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பிறகு, பனிக்குள் குத்திப் பார்க்க மடக்குக் கம்பி. கடைசியாக, தோண்ட ஒரு மண்வெட்டி. இந்த மூன்றும் உன்னைக் காப்பாற்றுவதற்கு இல்லை. உன்னுடைய மூன்றும் என்னைக் காப்பாற்ற, என்னுடைய மூன்றும் உன்னை. நம் ஆட்களுக்கு இந்த நாட்டில் ஒரு பெரிய நம்பிக்கை: எது நடந்தாலும் 911 அடித்தால் யாராவது வந்துவிடுவார்கள். அங்கே வர மாட்டார்கள். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். புதைந்த ஆளுக்கு இருப்பது சில நிமிஷங்கள்தான், கூட வந்தவன்தான் ஆம்புலன்ஸ்.

இன்னொன்றும் சொன்னார்கள், எனக்கு அதுதான் தூக்கிவாரிப்போட்டது. குழுவில் யார் வேண்டுமானாலும் "வேண்டாம், திரும்பலாம்" என்று சொல்லலாம். ஒருவர் சொன்னால் எல்லாரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. வகுப்பில் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். நான் அண்ணாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் கூட்டத்தில் அவர் ஆர்டர் செய்த பீட்சாவைக்கூட ஒருவரும் வேண்டாம் என்று சொன்னது கிடையாது.

தாஹோவில் வாடகைக்கு எடுத்த மர வீட்டில் முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். மலைக்குப் போகிறவர்கள் நாலு பேர்: அண்ணா, என் கணவர், நான், டெக்சாஸில் காப்பெல் என்கிற ஊரிலிருந்து பறந்து வந்திருந்த நண்பர் ஒருவர். அவர் அண்ணாவோடு கல்லூரியில் படித்தவர். ரிசார்ட்டில் நன்றாகவே சறுக்குவார். அண்ணியும் என் மகளும் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. அண்ணி மறுநாள் கட்டிக்கொடுக்கப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தார்கள்.

நான் என் பீக்கனை எடுத்து மேஜையில் வைத்தேன். "நாளைக்கு ஏறதுக்கு முன்னாடி ஒரு ட்ரில் பண்ணணும். ஒண்ணைப் பனில பொதைச்சு வெச்சு, மத்தவங்க தேடணும். நம்மள்ல ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டா யார் தேடறது, யார் தோண்டறதுன்னு இப்பவே பேசிக்கணும்."

அண்ணியின் கரண்டி நின்றது. "என்னடி பேச்சு இது? கிளம்பற நேரத்துல போய்!"

"பேசித்தான் ஆகணும் அண்ணி. பொதைஞ்சா கொஞ்ச நேரந்தான் மூச்சு இருக்கும். அதுக்குள்ள எடுக்கலைன்னா..."

"போதும், போதும். நல்ல வார்த்தையா ஏதாவது சொல்லு."

"அந்த கோர்ஸ் போனதுலேர்ந்து இவ பயந்துட்டா அண்ணா" என்றார் என் கணவர். பயந்துவிட்டேனாம்! வீட்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் பேசிக்கொள்வோம். அண்ணா முன்னால் மட்டும் நான் நீங்க என்று மரியாதை கொடுப்பேன். அந்த மரியாதையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். "நீங்க அந்த பாக்ஸையாவது பிரிங்க."

"பாத்துக்கலாம்மா. நான் இருக்கேன் இல்ல?" என்றார் அண்ணா. அதோடு பேச்சு முடிந்தது. போகிறேன் என்று சொல்லாமல் போயிட்டு வரேன் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். வாசலில் தும்மினால்கூட உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். கெட்டதை வாயால் சொன்னால் அது காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. மலைக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை, சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அபாய அறிக்கையைப் படித்தேன். முந்தின நாள் புதுப் பனி, பிறகு பலத்த காற்று, கவனம் தேவை என்று போட்டிருந்தது. அண்ணாவிடம் காட்டினேன். "கவனமாத்தானே போறோம்" என்றார். பார்க்கிங்கில் நான் விடவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் என் பீக்கனைக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணாவுடையது வேலை செய்தது, காப்பெல் நண்பருடையதும் செய்தது. என் கணவர் முன்னால் சத்தமே இல்லை. பெட்டியோடு பைக்குள் இருந்தது. பெட்டியின் மேல் குங்குமம் அப்படியே இருந்தது. பனியில் நின்று நானே பிரித்து, நானே பேட்டரி போட்டு, அவர் நெஞ்சில் வாரை இழுத்துக் கட்டினேன். ஸ்கூலுக்கு அனுப்புகிற பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று காப்பெல் நண்பர் கிண்டல் செய்தார். என் கணவருக்கு முகம் சிவந்தது.

ஏறினோம். அந்த ஏற்றத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். மரங்களுக்கு நடுவே ஸ்கீ உரசுகிற சத்தமும் எங்கள் மூச்சும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. வேர்த்துக் கொட்டியது. தூரத்தில் ஏரி நீலமாகத் தெரிந்தது. இதற்காகத்தான் படித்தேன், இதற்காகத்தான் இத்தனை வாய்ச்சண்டை என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மேலே முகட்டுக்குப் பக்கத்தில் போனபோது காலடியில் 'வும்ப்' என்று ஒரு சத்தம். பெரிய மெத்தை மேல் யாரோ தொப்பென்று உட்கார்ந்த மாதிரி. ஸ்கீக்கு முன்னால் பனியில் ஒரு விரிசல் கோடு ஓடியது. அடியில் உள்ள அடுக்கு அமுங்குகிற சத்தம் அது. மலை இதற்கு மேல் தெளிவாகப் பேசாது.

"திரும்பிடலாம்" என்றேன். "இந்தச் சரிவு வேண்டாம். வந்த வழியே மரத்துக்குள்ள இறங்கிடலாம்."

"இவ்ளோ தூரம் ஏறிட்டு மரத்துக்குள்ளயா?" அண்ணா கீழே கைகாட்டினார். வீடியோவில் பார்த்த மாதிரியே, யாரும் மிதிக்காத வெள்ளைச் சரிவு. "பாரும்மா, எவ்ளோ அழகா இருக்கு. அஞ்சு நிமிஷம். முடிஞ்சுது."

"ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா திரும்பணும். அதுதான் ரூல்."

"யார் போட்ட ரூலு?" என்று அண்ணா சிரித்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது, விரிசலும் தெரிந்தது. அவர் தன் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "அண்ணா இருக்காரு இல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

நான் மரத்தடியில் நின்றுவிட்டேன். காப்பெல் நண்பர் என்னையும் பார்த்தார், அவர்களையும் பார்த்தார், பிறகு என் பக்கம் வந்து நின்றார். "எனக்கு முட்டி வலிக்குது" என்று அண்ணாவிடம் சாக்குச் சொன்னார். அவருக்குத் தெரிந்த மறுப்பு அவ்வளவுதான்.

அண்ணா முதலில் இறங்கினார். ஒருவர் இறங்கிப் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும். அண்ணா பாதிச் சரிவிலேயே ஓரமாக நின்று, வா என்று ஸ்கீ கோலை ஆட்டினார். "போகாத!" என்று கத்தினேன். என் கணவர் போனார். மூன்று வளைவு நன்றாகப் போட்டார். நாலாவதில் அவருக்கு மேலே பனி குறுக்காகக் கிழிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. சரிவின் நடுப்பாகம் ஒரே தட்டாக நகர்ந்து, உடைந்து, புகையாகக் கிளம்பியது. புகை அடங்கியபோது ஒரு ஓரத்தில் அண்ணா நின்றுகொண்டிருந்தார். என் கணவரைக் காணவில்லை.

வகுப்பில் சொன்னபடி செய்தேன். கைகள் தானாகச் செய்தன. பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, "நீங்களும் சர்ச் மோடுக்கு மாத்துங்க!" என்று காப்பெல் நண்பரிடம் கத்தினேன். மாற்றாவிட்டால் அவர் அனுப்பும் சமிக்ஞைதான் என் கருவியில் விழும்.

"எந்த பட்டன் சிஸ்டர்?" என்றார்.

எந்த பட்டன்! காலையிலிருந்து நெஞ்சில் கட்டியிருந்த பொருள். அவர் சட்டைக்குள் கைவிட்டு இழுத்து நானே மாற்றினேன். உடைந்து இறுகிய கட்டிகளின் மேல் இருவரும் இறங்கினோம். என் கருவியில் ஒரு சமிக்ஞை கிடைத்தது. அம்புக்குறியும் எண்ணும் வந்தன. எனக்கு உயிர் வந்தது. எண் குறையக் குறைய ஓடினேன், விழுந்தேன், மறுபடி ஓடினேன். அது என்னை நேராகக் கொண்டுபோய் அண்ணா முன்னால் நிறுத்தியது. முழுசாக, இரண்டு காலில், ஒரு சிராய்ப்பும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். தன் கருவியை அவர் மாற்றவே இல்லை.

"இங்க இல்லம்மா, அங்க! அங்க எங்கயோ!" என்று கையை வீசினார்.

அவருடையதை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். என் திரையில் ஒன்றும் இல்லை. அந்த மலையில் வேறு ஆளே கிடையாது என்றது கருவி.

அப்போது இருமல் கேட்டது. கீழே ஒரு மரத்தின் மறுபக்கம், நெஞ்சு வரை பனியில், என் கணவர் தலை தொங்கிக் கிடந்தார். வாயிலும் மூக்கிலும் பனி. விரலை விட்டு வழித்து எடுத்தேன். என் கண்ணெதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் என் புருஷன் இருக்கிறான், என் பீக்கன் இல்லை என்கிறது. அவர் சட்டையைத் திறந்து பார்த்தேன். அணைத்து வைத்திருந்தார்.

"அண்ணாதான் சொன்னாரு" என்றார், பல் கிட்டிக்கொண்டு. "ஏறும்போது எதுக்கு பேட்டரி வேஸ்ட்னு. இறங்கும்போது போடலாம்னு... மறந்துட்டேன்."

தலை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டாம். பனி சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. நானும் காப்பெல் நண்பரும் தோண்டினோம். அண்ணாவின் மண்வெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு துண்டாக இருந்தது. கைப்பிடியை எப்படி மாட்டுவது என்று தெரியாமல், டேக் தொங்கத் தொங்க, வெறும் தகட்டை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். தோண்டி முடிப்பதற்குள் என் கணவரின் உதடு நீலமாகிவிட்டது. எலும்பு எதுவும் உடையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடி வந்தாள். "டாட், வாட் ஹாப்பன்ட்?" என்றாள். "நத்திங் கண்ணா, ஜஸ்ட் ஸ்லிப் ஆயிட்டேன்" என்றார் என் கணவர். அண்ணி அவரை உட்கார வைத்து உப்பும் மிளகாயும் சுற்றி ஃபயர்ப்ளேஸில் போட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணாவுக்குத் தெம்பு திரும்பிவிட்டது. கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். "போய்ப் பாத்தா, பையன் பாதி உள்ள பாதி வெளில, பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கான்!" காப்பெல் நண்பர் சங்கடமாகப் புன்னகைத்தார். என் கணவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். மலை செய்ததை நான் தாங்கிக்கொண்டேன், அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"நீ செத்திருப்ப" என்றேன். எல்லார் முன்னாலும், நீ என்று.

"ஏய், வாயக் கழுவு!" என்றார்கள் அண்ணி. "ஒண்ணும் ஆகலையேடி. கடவுள் காப்பாத்திட்டாரு."

"கடவுள் காப்பாத்தினாரு, சரி. நீங்க யாரும் காப்பாத்தல. செத்திருப்பான் அண்ணி. ஆன் பண்ணாத பீக்கன், பிரிக்காத மண்வெட்டி. நான் நேத்து பேசினா அபசகுனம். இன்னிக்கு இவன் செத்திருந்தா அவங்க அம்மாவுக்கு போன் பண்ணி என்ன சொல்லுவீங்க? டேக் கிழிக்கல, ரிட்டர்ன் பண்ணிடலாம்னா?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணா கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "உனக்கு வலி வந்தப்போ வண்டி ஓட்டிக்கிட்டு போனது யாரும்மா?"

"நீங்கதான் அண்ணா. அதுக்காக என் புருஷனைக் குடுக்க முடியாது."

மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் கிளம்பினோம். அந்த வாரமே நான் இல்லாமல் ஒரு புது வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கோயிலில் பார்த்தால் அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதைவிட வலித்தது என் கணவரின் பேச்சு. "அண்ணாகிட்ட அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஒரு சாரி சொல்லிடு, முடிஞ்சிடும்." இதையே காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அடுத்த பயணத்துக்கு அண்ணா தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வேறு சொன்னார். பனியிலிருந்து வெளியே எடுத்தேனே தவிர, இந்த மனுஷன் இன்னும் அந்தச் சரிவில்தான் நிற்கிறார் என்று தெரிந்தது. எப்போது வேண்டுமானாலும் யாராவது கோலை ஆட்டுவார்கள், இவர் போவார்.

"சரி, சாரி சொல்றேன்" என்றேன் கடைசியில். "ஆனா மொதல்ல நீ என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுக் காட்டு."

"அதுல என்ன இருக்கு? ஆரோவ ஃபாலோ பண்ணணும், அவ்ளோதானே" என்றார். பெரிய இன்ஜினியர் இல்லையா.

ஒரு சனிக்கிழமை, சரிவே இல்லாத ஒரு பனிவெளிக்கு ஓட்டிப் போனோம். என் பீக்கனை ஆன் செய்து, இட்லி மாவு டப்பாவில் வைத்து மூடி, என் பழைய கோட்டில் சுற்றினேன். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தூரத்தில் புதைத்து, பனியைச் சமமாக்கினேன். "இப்ப தேடு. உள்ள இருக்கறது நான்."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். சமிக்ஞை கிடைத்தது. ஆனால் அம்புக்குறி நேராக இழுக்காது, வளைந்து வளைந்துதான் கூட்டிப் போகும். அவருக்கு அது பொறுக்கவில்லை. "இதுல ஏதோ பக் இருக்கு" என்று நின்றார். பிறகு, எங்கள் ஆட்கள் எதற்கும் செய்கிற அந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்: அணைத்து மறுபடி போட்டார். அணைத்துப் போட்டால் கருவி மறுபடி அனுப்பும் நிலைக்குப் போய்விடும். அது தெரியாமல் வெற்றுத் திரையை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கண்டுபிடித்து மாற்றினார். எண் குறைந்ததும் அவசரப்பட்டு ஓடி, புதைந்திருக்கிற என்னைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். கம்பியை நாலு இடத்தில் குத்தினார். ஏதோ தட்டுப்பட்டது என்று தோண்ட ஆரம்பித்தார். வேர் ஒன்று வந்தது. இப்போது அவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையால் பனியைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க இடம் மாறி இடம் மாறிக் குத்தினார்.

"போதும்" என்றேன். "நான் செத்தாச்சு."

நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பவோ செத்தாச்சு. எங்கம்மாவுக்கு போன் பண்ணு. பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போறேன்னு யோசிச்சு வெச்சுக்கோ. ஜஸ்ட் ஸ்லிப் ஆயிட்டேன்னு சொல்லு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வாயைக் கழுவு என்பார், கிளம்பலாம் வா என்பார் என்று நினைத்து, அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவர் முழங்காலில் அப்படியே இருந்தார். விரல்கள் சிவந்திருந்தன. தான் குத்திப் பார்த்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் டப்பாவைப் புதைத்த இடம் அவர் முழங்காலிலிருந்து ஒரு கை தூரம்கூட இல்லை.

"இன்னொரு தடவ பொதை" என்றார்.

"அண்ணாகிட்ட சாரி?"

"பொதைன்னு சொல்றேன் இல்ல."

எனக்குக் கோபம் துளிக்கூடத் தணியவில்லை. அவர் அழுதாலும் தணிகிற கோபம் இல்லை அது. டப்பாவைத் தோண்டி எடுத்தேன். அவரைத் திரும்பி நிற்கச் சொன்னேன். முன்னைவிடத் தூரமாக நடந்து போய், மண்டிபோட்டு, மறுபடி புதைத்தேன். இந்தத் தடவை இன்னும் ஆழமாக.